முப்பது குதிரை, நாற்பது வருஷம்

1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானின் யமஹாவுடன் சேர்ந்து ராஜ்தூத் 350 என்ற வண்டியை இந்தியச் சாலையில் இறக்கியது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர், 30.5 குதிரைத்திறன். ஓட்டியவர்களுக்கு அது அன்றும் இன்றும் ஆர்டி 350. 2017 டிசம்பரில் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வெளிவந்தது, நம் ஓசூரில் செய்த வண்டி. 312 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக், அதற்கும் ஆறு கியர், 34 குதிரைத்திறன். இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை ஓடிவிட்டது. கூடியது மூன்றரைக் குதிரை.

பழைய வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்தக் காலத்து பிக்கப் இப்ப எங்க வருது?" என்பார்கள். இளைஞர்கள் பக்கம் போனால், புது வண்டி எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்ற பேச்சு. இரு தரப்பும் எஞ்சினையே பார்க்கின்றன. தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிறவனுக்கு அது பாதிக் கதைதான். மீதிப் பாதி மழையில் வண்டி எப்படி நிற்கிறது, சிக்னலில் எப்படிப் பொறுக்கிறது, வீட்டில் யார் யாரை ஏற்றிக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. நாற்பது வருஷ மாற்றம் அந்த மீதிப் பாதியில்தான் நடந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

என் சித்தப்பா எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆர்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வீடு பெரம்பூரில், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். சம்பளக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட வண்டியை வாங்க முடிந்ததற்குக் காரணமே அதன் மைலேஜ்தான். லிட்டருக்கு இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 அதே ஒரு லிட்டரில் மூன்று மடங்கு தூரம் ஓடியது. அதே ஆண்டு எஸ்கார்ட்ஸே கொண்டுவந்த ஆர்எக்ஸ் 100, 98 சிசியில் 11 குதிரையைக் கொடுத்தும் பெட்ரோலைப் பார்த்துக் குடித்தது. ஆர்டியின் தாகத்தைக் குறைக்க 27 குதிரைக்கு இறக்கிய 'லோ டார்க்' வண்டியையும் விட்டுப் பார்த்தார்கள். எடுபடவில்லை. தொண்ணூறு வாக்கில் உற்பத்தியே நின்றுபோனது. வாங்கியவர்கள் விற்கப் பார்த்தார்கள்; சித்தப்பா போன்றவர்கள் வாங்கினார்கள். இன்று அதே வண்டி, நல்ல நிலையில் இருந்தால், லட்சங்களில் கைமாறுகிறது.

அதை வைத்துக்கொண்டு தினம் வேலைக்குப் போவது என்றால் அது ஒரு குடித்தனம். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர்தான். பெட்ரோல் டாங்கைப் பார்ப்பதுபோக, டூ-டி ஆயிலுக்குத் தனி டாங்க். அது வற்றியது தெரியாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு சிலிண்டருக்கு இரண்டு கார்பரேட்டர். இரண்டும் ஒரே அளவில் திறக்காவிட்டால் வண்டி ஓரிடத்தில் நின்று குலுங்கும். பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங் போகும். நகரத்துக்குள் மெதுவாகவே ஓட்டினால் ஆயில் சரியாக எரியாமல் பிளக்கில் கரி ஏறும். ஆகவே டூல் பாக்ஸில் இரண்டு பிளக்கும் ஒரு பிளக் ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். பாடி பாலத்தின் ஓரமாக வண்டியைச் சாய்த்துவிட்டுச் சூடான பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றுவது சித்தப்பாவின் வேலைநாளில் ஒரு பகுதி. பிளக்கின் நிறத்தைப் பார்த்தே எஞ்சினுக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். கருப்பென்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காப்பிப்பொடி நிறமென்றால் சரி.

கரி எரியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்குன்றம் தாண்டி ஒரு விரட்டு விரட்டிவிட்டு வருவார். அந்தச் சாலைக்கும் இந்த வண்டிகளுக்கும் பழைய உறவு உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. நாடெங்கும் இருந்து கார்களும் பைக்குகளும் வந்து, கான்கிரீட் தரையில் ஓடி, கூட்டம் கூட்டமாக ஜனம் வெயிலில் நின்று பார்த்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்த பிறகு சோழவரம் அடங்கிவிட்டது. சென்னைப் பையன்கள் எத்தனையோ பேர் வேகத்தின் மேல் ஆசைப்பட்டது அந்த ஓடுதளத்தைப் பார்த்துத்தான். டிவிஎஸ் தன் பந்தய அணியைத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான், 1982-ல்.

வண்டிக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதிதாகக் கிடைக்காது என்றால் புதுப்பேட்டை. அங்கே உடைத்துப் பிரித்த வண்டிகளின் பாகங்கள் குவியலாகக் கிடக்கும். தேடத் தெரிந்தவனுக்கு ஆர்டியின் கிளட்ச் தட்டும் கிடைக்கும், கியர் பல்லும் கிடைக்கும். மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைக் கொடுப்பார். "இடது சிலிண்டர் சோம்புதுங்க" என்பார். பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிற சின்னப் பையனாகிய எனக்கு இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிச் சத்தம் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. ஒரு கருவியும் இல்லாமல் காதாலும் விரலாலும் எஞ்சினைப் படித்த அந்த ஆட்களின் மேல் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் விற்ற ஆர்டி 350-க்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே வந்தபோது அது போய், முன்னும் பின்னும் டிரம். அதோடு டூ-ஸ்ட்ரோக்கின் இயல்பு ஒன்று உண்டு: ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியைப் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது, உருண்டுகொண்டே போகும். அந்த எஞ்சின் கீழே சாதுவாக இருந்துவிட்டு, ஐயாயிரம் சுற்று தாண்டியதும் ஒரே மூச்சில் பாயும் ரகம். பாய்வதற்கு முப்பது குதிரை. நிற்பதற்கு இரண்டு டிரம். பின் டயரின் அகலமோ மூன்றரை அங்குலம். அந்தத் தலைமுறை ஓட்டிகள் நூறடி தள்ளியே எல்லாவற்றையும் பார்த்துவிடப் பழகினார்கள். பஸ்ஸின் பின்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது, நிற்கிற ஆட்டோவுக்குள் கதவோரம் கை தெரிகிறதா, மாடு எந்தப் பக்கம் தலையை வைத்திருக்கிறது என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். பழகத் தவறியவர்களைப் பற்றியும் அந்தக் காலத்துக் குடும்பங்களில் கதைகள் உண்டு. ஆர்டியைப் பற்றி அம்மாக்களுக்கு இருந்த பயம் வீண் பயமல்ல.

அதற்குப் பிறகு ஒரு நீண்ட வறட்சி. 1990-க்கும் 2009-க்கும் நடுவில் சாதாரணக் குடும்பம் எட்டிப் பிடிக்கிற விலையில் முப்பது குதிரை வண்டி எந்த ஷோரூமிலும் இல்லை. மைலேஜ்தான் ராஜா. 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001-ல் பல்சர், 2003-ல் 223 சிசி கரிஸ்மா என்று பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. 2008-ல் யமஹா ஆர் 15 வந்தது. 150 சிசிதான், ஆனால் தண்ணீரில் குளிரும் எஞ்சின், பந்தய வண்டிக்குரிய ஃபிரேம், முழு ஃபேரிங், எல்லாம் ஒரு லட்சத்தை ஒட்டிய விலையில். அடுத்த ஆண்டு கவாசாகி நிஞ்சா 250 ஆர், 2011-ல் ஹோண்டா சிபிஆர் 250 ஆர், 2013-ல் கேடிஎம் டியூக் 390. அந்த டியூக் டெல்லி ஷோரூம் விலையில் 1.80 லட்சம் ரூபாய்க்கு 43 குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, ஆர்டியின் முப்பது முதல்முறையாக நன்றாகவே பின்தங்கியது.

ஆனால் அந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப் படுவது 2011. அந்த ஆண்டு ஓசூரின் அப்பாச்சி ஆர்டிஆர் 180-லும், ஹோண்டாவின் சிபிஆரிலும் ஏபிஎஸ் வந்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல்வளையத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. பிரேக்கை இறுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்த கணத்தில் ஏபிஎஸ் அழுத்தத்தை விட்டுப் பிடிக்கிறது, ஒரு நொடிக்குள் பல தடவை. காரில் சக்கரம் பூட்டினால் வழுக்கிக்கொண்டு போவோம். பைக்கின் முன்சக்கரம் பூட்டினால் அடுத்த கணம் தரையில் கிடப்போம். சென்னையில் முதல் மழையின் முதல் அரை மணி நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். கோடை முழுக்க ரோட்டில் ஊறிய எண்ணெய் மேலே மிதக்கும். மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடுகளில் டயர் பிடிக்காது. ரோட்டில் பூசிய வெள்ளைக் கோடு வழுக்கும். 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், அந்த அளவில் ஏற்கனவே விற்பனையிலிருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் ஏபிஎஸ் கட்டாயமானது. நாற்பது வருஷத்தில் மோட்டார் சைக்கிளுக்கு நடந்த ஆகப் பெரிய நல்ல காரியம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

நான் இப்போது வைத்திருப்பதும் முந்நூறுக்கும் நானூறுக்கும் இடைப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியாகத் தரமணிக்குப் போய்வருகிறேன். எழுபதை நெருங்கும் சித்தப்பா ஒருநாள் வந்து, சாவியைக் கொடு என்றார். வண்டலூர்ப் பக்கம் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினார். எஞ்சினைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "என்னடா இது, ரெண்டு விரல்ல நிக்குது!" என்றார். மறுபடியும் வண்டியைச் சுற்றி வந்து முன்சக்கரத்து டிஸ்க்கைக் குனிந்து பார்த்தார். "இது மட்டும் அன்னிக்கு இருந்திருந்தா..." என்று இரண்டு நண்பர்களின் பெயரைச் சொன்னார். அவர்கள் இருவரும் இன்று இல்லை.

காலையில் பட்டனைத் தொட்டால் எஞ்சின் பிடிக்கிறது. மார்கழிக் குளிரானாலும் சரி, மூன்று நாள் நிறுத்தி வைத்திருந்தாலும் சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் இந்த அளவு வண்டி எதற்கும் கார்பரேட்டர் கிடையாது. காற்றின் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் பார்த்து எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கணிப்பொறி முடிவு செய்கிறது. பிளக்கின் நிறத்தைப் பார்க்க யாருக்கும் அவசியமில்லை. அதன் மறுபக்கம், ரோட்டோரத்தில் நின்றுபோனால் நானாகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. திரையில் மஞ்சள் விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரில் ஒரு வயரைச் செருகி, வருகிற எண்ணை வைத்துக் கோளாறைச் சொல்வார்கள். ஒருமுறை சைடு ஸ்டாண்டின் சின்ன சுவிட்ச் ஒன்று கெட்டதற்காக வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிப் போக வேண்டியிருந்தது. சித்தப்பாவின் தலைமுறைக்கு வண்டி அடிக்கடி நின்றது. பெரும்பாலும் அவர்களே எடுத்தார்கள். நம் வண்டி அபூர்வமாக நிற்கிறது, நின்றால் நின்றதுதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2020-ல் வந்த ஆர்ஆர் 310-ல் நான்கு மோடுகள் உண்டு. 'ஸ்போர்ட்', 'டிராக்' மோடுகளில் முழுத் திறன். 'அர்பன்', 'ரெயின்' மோடுகளில் திறன் 25.8 குதிரைக்கு இறங்கிவிடும். நகரத்துக்குள் தினசரி ஓட்டத்துக்கு என்றே வண்டியைச் செய்தவர்கள் வைத்த அளவு அது. 1983-ன் ஆர்டியைவிட, ஏன், மைலேஜுக்காக இறக்கிய அந்த லோ டார்க் ஆர்டியைவிடவும் குறைவு. ஆபீசுக்குப் போக இருபத்தாறு குதிரைக்கு மேல் தேவைப்படாது என்பதைப் பந்தய அணி நடத்துகிற நிறுவனமே ஒத்துக்கொண்டிருக்கிறது. 2024-ல் அதே வண்டியை 38 குதிரைக்கு ஏற்றினார்கள். நகரத்துச் சாலை அந்தக் குதிரைகளை எங்கே அவிழ்த்துவிடும்?

ஏனென்றால் சாலையும் மாறிவிட்டது. சித்தப்பா பெரம்பூரிலிருந்து அம்பத்தூர் போன காலத்தில் வழியில் மூன்றாவது கியருக்கு மேல் போக இடமிருந்தது. இன்று ஓஎம்ஆரிலும் மேடவாக்கத்திலும் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கியிருக்கிறார்கள். இரண்டாவது கியரில், பாதிக் கிளட்ச்சில், ஒரு சிக்னலுக்கு மூன்று தடவை நின்று போகிறோம். இந்த எஞ்சின்கள் அதற்குப் பிறந்தவை அல்ல. நின்றுகொண்டே இருந்தால் தண்ணீர் சூடாகி, ரேடியேட்டருக்குப் பின்னாலிருக்கும் மின்விசிறி சுழலத் தொடங்கும். மே மாதம் மதியம் வேளச்சேரி சிக்னலில் இட்லிக் குண்டானின் மூடியைத் திறந்ததுபோல் அந்தச் சூடு தொடையில் வந்து அடிக்கும். ஜீன்ஸ் போட்டிருந்தாலும் உறைக்கும். காற்றிலேயே குளிர்ந்த ஆர்டி சூடானால் எஞ்சின்தான் துன்பப்பட்டது. இன்றைய வண்டி எஞ்சினைக் காப்பாற்றிவிட்டுச் சூட்டை ஓட்டுகிறவனிடம் தள்ளுகிறது.

உட்காரும் விதமும் அப்படித்தான். ஆர்டியில் நிமிர்ந்து உட்காரலாம்; வேகமான வண்டியே தவிர, அதன் ஹேண்டில்பார் சாதாரண வண்டியுடையதுதான். இன்று ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் ஹேண்டில் தாழ்ந்து, கால் பின்னுக்குப் போய், உடம்பு டாங்கின் மேல் சாய்ந்துவிடும். எண்பதில் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கும், சுகமாக இருக்கும். இருபதில் போகும்போது தாங்க ஒன்றும் இல்லாமல் மொத்தக் கனமும் உள்ளங்கையில் இறங்கும். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் மாதம் மணிக்கட்டு வலி என்று சொல்வார்கள். கையை ஊன்றாமல் முட்டியால் டாங்கைக் கவ்வி, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கப் பழக வேண்டும். பழகினால் வலி போய்விடும். பழகாதவர்கள் ஒரு வருஷத்தில் வண்டியை விற்றுவிடுகிறார்கள். குறைந்த கிலோமீட்டர் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டிகள் சந்தையில் இவ்வளவு கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் மற்றவர்களுக்கு இந்த வண்டியில் என்ன இடம் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆர்டியின் சீட் நீளமான ஒரே சீட். சித்தி புடவையோடு பக்கவாட்டில் உட்கார்ந்து கபாலி கோயில் வரை போயிருக்கிறார். ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டிருந்தார். மாதச் சாமான் மூட்டை டாங்கின் மேல் வரும். இன்றைய வண்டியில் பின்சீட் தனியாக, உயரத்தில், இரண்டு கை அகலத்தில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் இருப்பவருக்குப் பிடிமானமும், கால் வைக்க இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே புடவை கார்டு மாட்டித்தான் தருகிறார்கள். வாங்கிய வாரமே அழகு கெடுகிறது என்று பையன்கள் அதைக் கழற்றி எறிகிறார்கள். செய்யாதீர்கள். துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்காமல் இருக்க வந்த விதி அது. என் அம்மா ஒரே ஒரு தடவை இதில் ஏறினார். இறங்கியதும், "இனிமே நான் பஸ்லயே போய்க்கிறேம்பா" என்றார். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருப்பதால்தான் என்னால் இந்த வண்டியை வைத்துக்கொள்ள முடிகிறது. ஆர்டி சித்தப்பா வீட்டின் ஒரே வண்டி. என்னுடையது எனக்கு மட்டுமான வண்டி.

பணக் கணக்கில் மைலேஜ் இன்று பெரிய விஷயமில்லை. நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு முப்பதை ஒட்டிக் கொடுக்கிறது. செலவு வேறு இடங்களில் இருக்கிறது. 150 மில்லிமீட்டர் அகலமுள்ள ரேடியல் பின் டயர் சாதாரண வண்டியின் டயரைப் போல வருஷக்கணக்கில் ஓடாது. மென்மையான ரப்பர் ரோட்டைப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்து ஸ்பிரே அடிக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் யாரோ இடித்து வண்டி சாய்ந்தால் ஃபேரிங்கின் ஒரு துண்டுக்கே ஆயிரக்கணக்கில் போகும். ஆர்டி சாய்ந்தால் நசுங்கிய இடத்தை டிங்கர் தட்டி எடுத்துக் கொடுத்தார்.

இதற்கு மேல் அரசாங்கம் போட்டிருக்கிற ஒரு கோடு உண்டு: 350 சிசி. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022-ல் அறிவித்த கட்டணத்தில் 150-லிருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய். அதற்கு மேல் 15,117. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் அதே கோட்டில் பிரிந்துவிட்டது. 350 வரை 18 சதவீதம், தாண்டினால் 40. ஒரே இடத்தில் நிற்கிற 312 சிசி வண்டியும் 399 சிசி வண்டியும் இப்போது வரிக் கணக்கில் இரண்டு உலகம்.

வரி வாங்க வண்டியின் பருமனைக் கவனமாக அளக்கிற நாம், லைசென்ஸ் கொடுக்கும்போது அதை அளப்பதே இல்லை. ஜப்பானில் நானூறு சிசி வரை ஓட்ட ஒரு லைசென்ஸ், அதற்கு மேல் தனி. ஐரோப்பாவில் புதிதாக ஓட்டுகிற இளைஞனுக்கு 35 கிலோவாட் வரைதான் அனுமதி. 2013-ல் வந்த டியூக் 390-ன் திறன் ஏறத்தாழ 32 கிலோவாட் என்பதும், உலகமெங்கும் நடுத்தர ஸ்போர்ட்ஸ் வண்டிகள் முந்நூறுக்கும் நானூறுக்கும் நடுவில் குவிந்திருப்பதும் இந்த லைசென்ஸ் எல்லைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. அதாவது இவை அங்கே கற்றுக்கொள்கிறவர்களுக்கான படிக்கட்டுகள். இங்கே பதினெட்டு முடிந்தவன் ஆர்டிஓ மைதானத்தில் ஏதோ ஒரு கியர் வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டினால், அன்று மாலையே எந்த வண்டியிலும் ஏறலாம். அப்பா இஎம்ஐயில் கையெழுத்துப் போட்டால் போதும். ஷோரூமில் கேக் வெட்டிப் படம் எடுத்து அனுப்பிவைக்கிறார்கள். அந்தப் பையனுக்கு அந்த வண்டியை எப்படி நிறுத்துவது என்று அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்துநாலு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏபிஎஸ் வந்தபின் பிரேக்கின் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது; மிச்சம் இருப்பது கையின் குறை. 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் ஹெல்மெட் சட்டம் இறுகியது, அதனால் எத்தனையோ தலைகள் தப்பின. இருந்தும் விடியற்காலையில் ஈசிஆரில் நம் பிள்ளைகள் இந்த வண்டிகளை வைத்துப் பந்தயம் விடுவதும், போலீஸ் பிடித்து வண்டியைப் பறிமுதல் செய்வதும், சில வீடுகளில் வண்டி மட்டும் திரும்பி வருவதும் நின்றபாடில்லை. திட்டி இதை நிறுத்த முடியாது. சோழவரத்தை மூடிவிட்டு எந்தப் பையனையும் வேகத்தின் மேல் ஆசைப்படாதே என்று சொல்லிவிட முடியவில்லையே. அந்த ஆசைக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. எதிரில் லாரி வராது, ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும், வளைவில் எங்கே பார்க்க வேண்டும், பிரேக்கை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும் என்று கற்றுத்தரும் பயிற்சிகள் நடக்கின்றன. கட்டணம் ஒரு நல்ல ஹெல்மெட்டின் விலையை மிஞ்சும், இருந்தாலும் கொடுக்கலாம். வண்டி விற்கிற நிறுவனங்கள் 300 சிசிக்கு மேல் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒருநாள் பயிற்சியை விலையிலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அரசாங்கம் கட்டாயமாக்கினாலும் தவறில்லை.

எங்கள் வீட்டில் அடுத்த ஆள் தயாராகிவிட்டான். சித்தப்பாவின் பேரனுக்கு வருகிற தையில் பதினெட்டு முடிகிறது. அவன் கேட்பது தாத்தாவின் ஆர்டியை. அது ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது, அவரும் தினம் துடைக்கிறார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் ஒரு வருஷம் அவன் 125 சிசி வண்டியில் கல்லூரிக்குப் போக வேண்டும். பிறகு என் செலவில் இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சி. அதன் பிறகு முந்நூறு சிசி வண்டிக்கு அவன் அப்பா பாதி, தாத்தா பாதி. புடவை கார்டைக் கழற்றக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தது சித்தி.